மேனேஜருக்கு ஒரு பிஸ்கட்

...கடிக்காது சார், உள்ள வாங்க. கடிச்சாக்கூடப் பரவால்ல, ஊசியோட போயிடும். இது குனிஞ்சுக்கிட்டு கண்ணைக் கொட்டாம பாக்கும் பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. ஆடு மேய்க்கிற நாய் ஜாதி, பார்டர் கோலின்னு பேரு. ஆட்டுக்கு நான் எங்க போவேன்? அதான் எங்களை மேய்க்குது. என் வீட்டம்மா சமையக்கட்டை விட்டு வெளிய வந்தா கெண்டைக்கால்ல மூக்கால இடிச்சு உள்ள அனுப்பிடும். மேனேஜர்னு பேர் வெச்சது அவதான்.

அந்த நாற்காலி வேணாம், முடி. எல்லாத்துலயும் முடிதான், சரி, அதுலயே உக்காருங்க. ரெண்டு அடுக்கு முடி சார் இதுக்கு, தெனம் சீவணும். நான் வாட்ச் ரிப்பேர் பண்றவன். போன வாரம் ஒரு வாட்ச் நின்னுபோச்சுன்னு வந்துச்சு. தொறந்தா சக்கரத்துல நாய் முடி. நான் ரிப்பேர் பண்ணிக் குடுத்த வாட்ச்தான்.

ஏன் வாங்கினேன்னா, டாக்டர் நடக்கச் சொன்னார். நாய் இருந்தா நடந்துதானே ஆவணும்னு நெனச்சேன். வித்தவர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். தெனம் ரெண்டு மணி நேரம் ஓடணும், மூளைக்கும் வேலை குடுக்கணும், இல்லன்னா அதுவே வேலை தேடிக்கும்னு. நல்லா தலைய ஆட்டினேன். ரெண்டு நாள் ஓடினேன், மூணாவது நாள் முட்டி புடிச்சுக்கிச்சு. அது வேலை தேடிக்கிச்சு.

ஆமா, காணாமப்போன உங்க ஒத்தைச் செருப்பு விஷயத்துக்குத்தான் வர்றேன். மொதல்ல என் செருப்பைத்தான் தூக்கிச்சு. புடுங்கினா வெளையாட்டுன்னு ஓடும். பிஸ்கட்டைக் காட்டினேன், பொத்துன்னு போட்டுடுச்சு. எவ்ளோ சுலபமா பழக்கிட்டேன் பாருன்னு வீட்டம்மாகிட்ட ஒரே பெருமை. மறுநாள் இன்னொரு செருப்பு, இன்னொரு பிஸ்கட். அப்புறம் மாடி வீட்டு ஷூ, எதிர் வீட்டு ஷூ... யாரு யாரைப் பழக்குறாங்கன்னு எனக்கு உறைக்கிறதுக்குள்ள பதினோரு வீடும் கையெழுத்துப் போட்டுட்டாங்க, நாயை அனுப்பிடணும்னு. புதுசா குடிவந்த நீங்க ஒருத்தர்தான் பாக்கி. நீங்களும் போட்டா ஞாயித்துக்கெழமை இது போயிடும். வீட்டம்மா ரெண்டு நாளா சாப்பிடல. நான் சாப்பிட்டேன், ஆனா எறங்கல.

நாய் மேல தப்பு இல்ல சார். நான் குடுத்த வேலை இது ஒண்ணுதான், அதை ஒழுங்கா செய்யுது. நாளைலேர்ந்து காலைல நானே இதை ஓட்டிட்டுப் போறேன், முட்டி போனா போவுது. இனி செருப்புக்கு ஒரு பிஸ்கட் கூடக் கெடையாது, சத்தியமா.

எந்திரிச்சிட்டீங்களா? இருங்க, இந்தாங்க உங்க செருப்பு, கட்டிலுக்கடியிலதான் இருந்துச்சு. ஜோடில இன்னொண்ணைப் போட்டுட்டுத்தானே வந்தீங்க? வாசல்ல இல்லையா?

மேனேஜர், வாயில என்னடா? குடு. குடுடா... ஓடாத. சார், உங்க பின்னாடி அந்த பிஸ்கட் டப்பா... இல்ல இல்ல, வேணாம், இப்பதானே சத்தியம் பண்ணேன்.

அட, நீங்களே எடுத்துட்டீங்களா. சரி, நீட்டுங்க. பாத்தீங்களா, எவ்ளோ அழகா போட்டுச்சு. தலைய வேற தடவுறீங்க.

உக்காருங்க சார். இனிமே நீங்க எப்படிக் கையெழுத்துப் போடுவீங்க, நீங்களும் இதுல கூட்டாளி ஆயிட்டீங்களே.