சேறு படாத கால்கள்

தேநீரில் சீனி கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பிள்ளை. நான் போட்டது. என் மனைவி விமலேஸ்வரிக்கு உடம்பு சரியில்லை, அறையில் படுத்திருக்கிறாள். அந்தப் பையை ஓரமாக நகர்த்திவிட்டுக் கோப்பையை வையுங்கள். தேசிக்காய்தான். காலையில் பரந்தனுக்குப் போய் வாங்கிவந்தேன்.

எலிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக வந்ததாகப் படலையில் நின்று சொன்னீர்கள். ஆனால் உள்ளே வந்ததும் உங்கள் கண் சுவரில் மாலை போட்டிருக்கும் படத்துக்குத்தான் போனது. என் மருமகள் கஜேந்தினி. அவளைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறீர்கள். தாராளமாகக் கேட்கலாம். நான் எதையும் ஒளிக்கிற மனிதன் அல்ல.

உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டை விதானையார் வீடு என்றுதான் சொல்வார்கள். என் பேரனார் காடு வெட்டிய நிலம். தகப்பனார் வட்டவிதானையாக இருந்தார், பிறகு நான். இரணைமடுத் தண்ணீர் யாருடைய வயலுக்கு முதலில் திரும்ப வேண்டும் என்பது இந்த விறாந்தையில்தான் முடிவாகும். வரம்பில் நின்று பார்ப்பது எங்கள் வேலை. சேற்றில் இறங்குவது வேறு ஆட்களின் வேலை. எங்கள் பெண்கள் களை பிடுங்கும் நாளில் சோற்றுப் பானையோடு வரம்புவரை வருவார்கள், வைத்துவிட்டுத் திரும்புவார்கள். என் தாயாரைப் பாடையில் வைத்தபோது அவருடைய குதிக்காலில் ஒரு வெடிப்பும் இருக்கவில்லை. அயலவர்கள் அதைப் பார்த்து மெச்சிப் பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

கடைசிச் சண்டையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினோம். செட்டிகுளம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவன் என் வயலில் கூலிக்கு வேலை செய்த கணபதி. "ஐயா, நீங்க முன்னால வாங்க" என்று வழிவிட்டான். அவன் மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் அந்த வரிசையில் என்னை அவன் மட்டும்தான் அடையாளம் கண்டான். மற்றவர்களுக்கு நான் வாளியோடு நிற்கும் ஒரு கிழவன். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, மாடு இல்லை, உழவு இயந்திரம் இல்லை. பெயர் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதைக் காப்பாற்றினேன் என்பதுதான் உங்கள் கேள்விக்கு என் பதில். மற்றது எல்லாம் விபரம்.

கணபதியின் மகள்தான் கஜேந்தினி. மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்த குடும்பம். உழைப்பாளிகள், நான் அதை மறுக்கவில்லை. என் வயலிலேயே உழைத்தவர்கள், சிக்கலும் அதுதான். இப்போது அவர்களுக்கும் சொந்தமாக ஒரு துண்டு வயல் உண்டு. என் மகன் பிரசாந்தன் கிளிநொச்சியில் கணினி வகுப்புக்குப் போய் அவளைக் கண்டுபிடித்தான். ஒரே மகன். விஷம் குடிப்பேன் என்று தாயிடம் சொன்னான். நான் கணபதியைக் கூப்பிட்டு இந்தக் கதிரையில் இருக்கச் சொன்னேன். அவன் இருக்கவில்லை, நின்றான்.

"கணபதி, உன்ர மகள் இந்தப் படியேறினால் பிறகு சேத்தில இறங்கக் கூடாது. என்ர வயலில மட்டுமில்லை, உன்ர வயலிலயும்தான்."

"சரிங்க ஐயா. இனிமே அது ஒங்க வீட்டுப் புள்ளைங்க."

கேட்டீர்களா, அவனே சொன்னான். எங்கள் வீட்டுப் பிள்ளை.

கலியாணம் முடிந்து மகன் கட்டாருக்குப் போனான். அவள் இங்கே இருந்தாள். அமைதியான பெண். விமலேஸ்வரிக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. குசினியில் இருவரும் சிரிப்பது விறாந்தைவரை கேட்கும்.

போன மாரியில், காலபோகத்தின்போது, நீங்கள் வந்தீர்கள். வரம்பு நெடுகக் கூடு வைத்து எலி பிடித்தீர்கள். எலிப் பொந்து எங்கே என்று காட்டியது கணபதி. பிடித்த எலிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து ஊசியால் இரத்தம் எடுத்தீர்கள். நான் குடையோடு வரம்பில் நின்று பார்த்தேன். கொழுத்த, பளபளப்பான எலிகள். இதுகளுக்கு என்ன வருத்தம் என்று கேட்டேன். நீங்கள் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"எலிக்கு ஒண்டும் செய்யாது ஐயா. கிருமி அதின்ர ரத்தத்தில ஓடி, சிறுநீரகத்தில குடியிருக்கும். அது பாட்டுக்குத் திண்டு, குட்டி போட்டுத் திரியும். அது மூத்திரம் பெய்த சேத்தில இறங்கிற மனிசருக்குத்தான் ஆபத்து."

பிறகு அறிகுறிகளையும் சொன்னீர்கள். காய்ச்சல், கெண்டைக்கால் உளைவு, கண் சிவப்பு. வயலில் இறங்கியவர் என்று டொக்டரிடம் உடனே சொல்லிவிட்டால் சாதாரண மருந்திலேயே சுகமாகும், சொல்லாமல் பிந்தினால் சிறுநீரகம் போய்விடும் என்றீர்கள். எவ்வளவு தெளிவாகச் சொன்னீர்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அடுத்த கிழமை கமக்காரர் அமைப்பின் கூட்டம் இந்த முற்றத்தில் நடந்தது. சுகாதாரப் பரிசோதகர் வந்து, சேற்றில் இறங்குகிறவர்களுக்கெல்லாம் எலிக்காய்ச்சல் வராமலிருக்கக் குளிசை கொடுத்தார். நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள். தேநீர்த் தட்டோடு வந்த கஜேந்தினி, தட்டை வைத்துவிட்டு எல்லாரையும் போலக் கையை நீட்டினாள். மேற்கு வளவு ராசு அதைப் பார்த்துவிட்டான். அவனுக்கு என் வீட்டில் ஒரு கண்.

"மருமேளுக்கும் ரெண்டு குடுங்கோவன்," என்றான். "விதானையார் வீட்டில வயல் காத்துப் பட்டாலும் காய்ச்சல் வருமாம்."

சிரித்தார்கள். நான் அவளைப் பார்த்துக் கேட்டேன்.

"உனக்கேன் பிள்ளை? நீ வயலுக்கே போறனி?"

அவள் கையை மடக்கிக்கொண்டாள். "இல்லை மாமா. அம்மாவுக்குக் குடுக்க எண்டுதான்." வெறுந்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்குத் தெரியாமல் கேட்டேன் என்றுதான் அன்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரியும். அதற்குச் சில நாள் முன்பு வாய்க்காலைப் பார்க்கப் போனபோது கணபதியின் வயலில் பெண்கள் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கணபதி காலில் கட்டை குத்தி நடக்க முடியாதிருந்த நேரம், கூலிக்கும் ஆள் கிடைக்கவில்லை. ஒருத்தி தலையில் துண்டு கட்டி, ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தாள். தாலிக்கொடி சேற்றில் தொங்காமலிருக்க அதை முதுகுப் பக்கம் தூக்கிப் போட்டிருந்தாள். அந்தக் கொடியை நான்தான் செய்வித்தேன். கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

நான் கூப்பிடவில்லை. கண்டேன் என்று காட்டிக்கொண்டால் அது நடந்ததாகிவிடும். குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு பரவியிருந்த காலம், விமலேஸ்வரி பப்பாசி இலை இடித்துக் கொடுத்தாள். மறுநாள் அவளால் கால் ஊன்ற முடியவில்லை. கண் இரண்டும் செவ்வரத்தம்பூ. நான் வாசலில் நின்று பார்த்தேன். நீங்கள் சொன்ன ஒழுங்கிலேயே ஒவ்வொன்றாக வந்தது.

கணபதி நொண்டிக்கொண்டு படலைக்கு வந்தான்.

"ஐயா, இது எலிக்காய்ச்சலா இருக்குமுங்க. மன்னிச்சிருங்க, புள்ள ஒளிச்சு ஒளிச்சு வந்து எங்களோட களை புடுங்குச்சு. அத டாக்டர்கிட்ட மறக்காம சொல்லிருங்க."

"சொல்லுறன். நீ வரவேண்டாம். ரெண்டு பேர் ரெண்டு கதை சொன்னால் டொக்டர் குழம்புவார்."

அவன் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனான். நான் ஒன்று சொன்னால் அதை நம்புவது அவனுக்குப் பழக்கம்.

ஓட்டோ வருவதற்குள் அவளுடைய கால்களைக் கவனிக்க வேண்டியிருந்தது. வயலில் இறங்கிய காலை மறைப்பது லேசல்ல. சேறு குதிக்கால் வெடிப்புக்குள் போய்க் கருங்கோடாகிவிடும், நகக்கண்ணில் துருப்போலப் பிடித்துக்கொள்ளும். சவர்க்காரத்துக்குப் போகாது. தேசிக்காய்த் தோலில் உப்பு வைத்துத் தேய்க்க வேண்டும். விமலேஸ்வரியைத் தேய்க்கச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தேசிக்காயை வெட்டினாள். வெடிப்பில் தேசிக்காய்ப் புளி பட்டபோது கஜேந்தினி, "மாமி, எரியுது" என்றாள். நகக்கறை போகாததால் மருதோன்றி அரைத்துக் கட்டச் சொன்னேன். ஓட்டோ சற்றுக் காத்து நின்றது.

ஆசுப்பத்திரியில் ஓர் இளம் டொக்டர். கால் நகத்தைப் பார்த்து, "என்னம்மா, கலியாண வீடோ?" என்று சிரித்தார். பிறகு கேட்டார்.

"வயலுக்க, வாய்க்காலுக்க இறங்கினவாவோ ஐயா?"

"இல்லை. எங்கட வீட்டுப் பெண்பிள்ளையள் வயலுக்கு இறங்கிறேல்லை."

அவர் அவளிடமும் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அந்தச் சிவந்த கண்ணால் நெடுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "மாமா சொல்லுறதுதான்."

பிள்ளை, உண்மையில் அந்த இடத்தில்தான் அவள் எங்கள் வீட்டுப் பெண்ணானாள். தாலி கட்டிய அன்றல்ல.

டெங்கு வாட்டில் போட்டார்கள். கண் மஞ்சளாகி, சிறுநீர் நின்றபின் பெரிய ஆசுப்பத்திரிக்கு ஏற்றினார்கள். அம்புலன்சில் நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவளுக்கு நினைவில்லை. யோசிப்பதற்கு எனக்கு நிறைய நேரம் கிடைத்தது. அவசரத்தில் செய்துவிட்டேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அங்கே வயதான டொக்டர் அம்மா ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ ஐயா. இவ சேத்தில இறங்கினவாவோ? உங்கட ஒரு சொல்லில மருந்து மாறும்."

"யோசிச்சுத்தான் சொல்லுறன். இல்லை."

அதை நான் பொய்யாக எண்ணவில்லை. விதானையார் வீட்டு மருமகள் இறங்கவில்லை. இறங்கியவள் கணபதியின் மகள். இரண்டில் ஒருத்தியைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலை. நான் தேர்ந்தெடுத்தேன். அவ்வளவுதான்.

அந்த அம்மா மறுபடி கேட்கவில்லை. தானாகவே மருந்தை மாற்றிப் பார்த்தாராம், காலம் கடந்திருந்தது என்று பிறகு சொன்னார்கள். இரத்தப் பரிசோதனை முடிவு உங்களிடமும் வந்திருக்கும், அதனால்தானே வந்திருக்கிறீர்கள். செத்தவீட்டில் கணபதி முற்றத்தின் ஓரத்தில் நின்றான். அவன் மனைவி வீரம்மாவைப் பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கிட்ட வந்து மெல்லக் கேட்டான்.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா ஐயா?"

"சொன்னனான்."

"அப்பறம் ஏங்க?"

"விதி, கணபதி."

ஊரார் பாடைக்கு அருகே வந்து முகத்தைப் பார்த்தார்கள். ராசு காலையும் பார்த்தான். மருதோன்றி இன்னும் சிவந்திருந்தது, குதிக்கால் வெள்ளையாக இருந்தது. படலையைப் பார்த்து நடந்தான். மகன் கட்டாரிலிருந்து வந்து கொள்ளி வைத்தான். டெங்கு, நுளம்பு கடித்து வந்தது என்று சொன்னேன். திரும்பிப் போய்விட்டான்.

இப்போது சிறுபோகம், கோடை வெள்ளாமை. விமலேஸ்வரி என்னோடு அதிகம் பேசுவதில்லை. விடியும் முன் வெள்ளாப்பில் எழும்பிக் கோயிலுக்குப் போகிறேன் என்று போவாள், வெயில் ஏறி வருவாள். கோயிலுக்குப் போனவளின் நெற்றியில் திருநீறு இருக்காது. கணபதியின் வயலில் இந்தப் போகம் களை நன்றாக எடுபட்டிருக்கிறது. வீரம்மாவோடு இன்னொரு பெண்ணும் குனிந்து நிற்பதை வாய்க்கால் கட்டிலிருந்து கண்டேன். நரைத்த கொண்டை. தாலிக்கொடி முதுகுப் பக்கம் கிடந்தது.

நான் கூப்பிடவில்லை. குடையைச் சரித்துக்கொண்டேன்.

முந்தநாள் காய்ச்சல் தொடங்கியது. நேற்று கெண்டைக்கால் உளைகிறது என்றாள். இன்று காலை கண்ணைப் பார்த்தேன்.

ஏன் எழும்புகிறீர்கள்? தேநீர் அப்படியே இருக்கிறது. ஓட்டோவுக்குச் சொல்லியிருக்கிறேன், ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் போகிறேன். மனைவியை வீட்டில் போட்டுச் சாகவிடுகிற குடும்பம் இல்லை இது. நீங்களும் கூட வருவதென்றால் வரலாம். நல்ல குடும்பத்துப் பிள்ளை. டொக்டர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அதற்கு முன் அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துத் தாருங்கள். போன முறை அவளைக்கொண்டு செய்வித்தேன். இந்த முறை நானே தேய்த்துவிடப்போகிறேன். இத்தனை வருடம் என்னோடு வாழ்ந்தவள், அவளுக்காக இதைக்கூட நான் செய்யாவிட்டால் எப்படி?