பந்தலில் எல்லாருக்கும் ஓர் இலை

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் அன்னதானக் குழுத் தலைவர் கோதண்டராமன் ஐயா அவர்களே, தெருத்தெருவாக மருந்தோடு மனசையும் சுமந்து வரும் நர்சம்மா தமிழ்செல்வி அவர்களே, வேங்கிக்காலிலிருந்து வந்திருக்கிற பெரியவங்களே, அடுப்பை அணைச்சிட்டு ஓடி வந்த தாய்மார்களே, எல்லாருக்கும் இந்த ஜோதியம்மாளின் கும்பிடு.

நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. அலங்காரமாப் பேச வராது. ஆனா அழாமப் பேசுவேன்.

என் வீட்டுக்காரர் குமரேசனை உங்களுக்குத் தெரியும். செங்கம் ரோட்டுல ஆட்டோ ஓட்டினவர். சுகர் வந்ததும் என்ன சொன்னாங்க? சோத்தை விடு, ஓட்ஸ் குடின்னாங்க. ஒரு வாய் குடிச்சிட்டு, "போஸ்டர் ஒட்டக் காய்ச்சினியா ஜோதி?"ன்னு கேட்டாரு. சிரிங்க, நானும் அன்னிக்குச் சிரிச்சேன்.

வீட்டுல வாயைக் கட்டின மனுசன் பௌர்ணமி வந்தா என்ன செய்வாரு? பகலெல்லாம் விரதம். சாயங்காலம் வெறுங்காலோட கிரிவலம். வழியெல்லாம் பந்தல், பந்தலெல்லாம் பொங்கல், பொங்கலெல்லாம் வெல்லம்! நீட்டின அன்னத்தை வேணாம்னு சொல்ற வழக்கம் நமக்கு உண்டா? பிரசாதம் சுகர்ல சேராதுன்னு நம்பினாரு. இங்க எத்தனை பேரு இன்னும் நம்புறீங்க?

கால்ல கல்லு குத்துச்சு. புண்ணு ஆறல. காலை எடுத்தாங்க. ஆளும் தங்கல.

துக்கம் கேக்க வந்த நர்சம்மா, என் கொழுந்தன் காசிக்கும் சுகர் ஜாஸ்தின்னு தெரிஞ்சதும் அடுப்படியிலயே உக்காந்துட்டாங்க. பௌர்ணமிக்கு நாங்க போடுற பந்தலுக்குச் சமைக்கிறவனே அவன்தான். "சாமியை விடச் சொல்லலக்கா. பிரசாதத்தைக் கண்ணுல ஒத்தி ஒரு சிட்டிகை வாயில போட்டாலே வாங்கினதுதானே? வயித்துக்கு வேற வைப்போம்"னாங்க.

ஓட்ஸ் எங்க விளையுதுன்னு எனக்குத் தெரியாது. சாமை நம்ம ஜவ்வாது மலையில விளையுது. வேர்க்கடலை கீழ்பென்னாத்தூர்ல விளையுது. அளவாச் சாமைத் தயிர்சாதம், ஜாஸ்தியா முருங்கைக்கீரை, ஒரு கை வேர்க்கடலைச் சுண்டல், இலை ஓரத்துல சிட்டிகை பொங்கல்! காசி கேட்டான், சாமி பேர்ல பத்தியச் சோறா, ஊரு சிரிக்காதா அண்ணின்னு.

போன பௌர்ணமிக்குப் போட்டோம். ஊரு சிரிக்கல. மாத்திரையை முந்தானையில முடிஞ்சிக்கிட்டு ஒரு அம்மா வந்தாங்க. "எல்லாப் பந்தலையும் பசியோட தாண்டி வந்தேன். இங்கதான் எனக்கும் இலை இருக்கு"ன்னாங்க. பரிமாறின காசிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா அவன் மட்டும் அந்த இலையில உக்காரல.

காசி, தூணுக்குப் பின்னால நிக்காத. உங்க அண்ணன் படத்துக்குப் பக்கத்துல இன்னொரு ஆணி அடிக்க எனக்குத் தெம்பு இல்லப்பா.

என்ன? சத்தமாச் சொல்லு.

"இந்தப் பௌர்ணமிக்கு மொத இலை எனக்குப் போடுங்க அண்ணி."

கேட்டீங்களா? ஐயா, கைதட்டல் அப்புறம். கிரிவலப் பாதையில பந்தல் போடுற ஒவ்வொருத்தரும் இப்படி ஒரு பந்தி வைங்க. பக்தியும் கம்மியாகாது, புண்ணியமும் கம்மியாகாது. மலை சுத்துற கால்களும் கம்மியாகாது!

பொறுமையாக் காது குடுத்த உங்களுக்கு நன்றி. மலை சுத்துறவங்க எல்லாரும் நல்லபடியா வீடு திரும்பணும். வணக்கம்.