இருநூற்றுப் பன்னிரண்டு பெருமரங்கள், ஒரு கன்றும் இல்லை

அப்பாவின் இரங்கல் கூட்டத்துக்கு வந்து, மேடையில் மெத்தை நாற்காலியிலும் கீழே பிளாஸ்டிக் நாற்காலியிலும் துயரத்தோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அப்பாவோடு காடு சுற்றிய நண்பர்களே, வணக்கம்!

கள ஆய்வாளர், நீங்கள் ‘டேப்பு’ என்று கூப்பிட்ட என் அப்பா, மரத்தைக் கண்டால் நெஞ்சுயரத்தில் அளவு நாடாவைச் சுற்றாமல் விடமாட்டார். ஒருமுறை அவர் சட்டை முதுகில் சீட்டு ஒட்டி அலுவலகத்துக்கு அனுப்பினேன்: ‘எண் 213. முதிர்ந்தது. காய்ப்பதில்லை.’ மாலையில் வந்து சிரித்தார்: “காய்ச்சதாலதானடி நீ நிக்கிற!”

பதினொரு ஆண்டுகள் அவர் எண்ணியது ஒரே வகை மரம். கதவுக்கும் கப்பலுக்கும் வெட்டித் தீர்த்தது போக மிஞ்சிய மரம். பெருமரங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. நடுத்தர வயதில் ஒன்பது. முழங்கால் உயரக் கன்று? ஒன்றுகூட இல்லை! தாத்தாக்கள் மட்டுமே இருக்கும் வீட்டைத் தழைக்கும் குடும்பம் என்பீர்களா? விதையைத் தூக்கிப்போகும் பறவைகள் இல்லை, வெட்டினால் இனி முளைக்காது என்று எழுதிக் கொடுத்தார்.

அச்சான அறிக்கையில் என்ன இருந்தது? ‘இனம் செழிப்பாக உள்ளது. அறுபது மரங்களை வெட்டலாம்.’ கீழே அப்பாவின் பெயர்!

மருத்துவமனைப் படுக்கையில் அதைப் புரட்டியவர் கேட்டார்: “கன்று அட்டவணை எங்கம்மா?”

அறிக்கையை அச்சிட்ட ஆய்வு நிறுவனத்தின் இயக்குநருக்குப் போன் போட்டேன். “அச்சுல இடம் பத்தலடா கண்ணு. அப்பா ரெஸ்ட் எடுக்கட்டும்.”

இடமில்லையாம்! இயக்குநரின் புகைப்படங்களுக்கு நான்கு பக்கம் இருந்தது. மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார், அட்டவணையைக் கேட்டுக்கொண்டே.

அந்த இயக்குநரை நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். சற்றுமுன் இதே மைக்கில் “என் தம்பி போயிட்டான்” என்று அழுதார். பெரியப்பா, தம்பி உயிரோடு இருக்கும்போதே அவர் உழைப்பைப் புதைத்தது யார்? உங்களை நம்பித்தானே அந்தத் தாள்களைக் கொடுத்தார்! நானும் நம்பினேனே!

முன்வரிசையில் அம்மா போதும் என்று கண் காட்டுகிறார். மன்னித்துவிடு அம்மா.

வாசலில் தந்த நினைவு மலரைத் தைத்தது நான். என் கை சும்மா இருக்குமா? நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். அப்பாவின் கையெழுத்தில் அந்த அட்டவணை!

வெட்ட அனுமதி தரப்போவது வரும் வியாழக்கிழமை. திங்களன்றே அப்பாவின் குழுவோடு நானும் நாடா எடுத்துக் காட்டுக்குப் போவேன். ஒவ்வொரு மரத்தையும் மறுபடி அளப்போம். இது என் அப்பா மேல் ஆணை.

பெரியப்பா, எழுந்து வாருங்கள். மைக் இதோ. கன்றுகள் எத்தனை என்று உங்கள் வாயால் வாசியுங்கள்.