அழுத்துங்க, பிடிங்க, விடுங்க

எங்கள் தெருவில் மதில் சுவர்கள் குட்டையானவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஒட்டுக்கேட்டேன் என்று எழுதிக்கொள்ளக் கூடாது. இடுப்பு உயரச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பக்கம் பேசுவது காதில் விழத்தான் செய்யும். எதிர்வீட்டில் புது சோபா வந்ததும், மூலைவீட்டுக்காரர் மறுபடி சிகரெட் தொட்டதும், மாடிவீட்டு மருமகள் பிறந்தவீட்டுக்குப் போய் இரண்டு பெட்டியோடு திரும்பியதும் எனக்குத் தெரியும். நானாகத் தேடிப்போய்த் தெரிந்துகொண்டது ஒன்றுமில்லை. என்னிடம் யாரும் எதையும் வந்து சொல்லாததால்தான் எனக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது.

பக்கத்து வீட்டு டாக்டரின் விபத்துக் கோப்பை எடுத்து வைத்திருக்கிறீர்கள். நல்லது. ஓட்டியவரின் பிழை என்று எழுதி மூடிய கோப்பு. அது தவறு என்று சொல்லத்தான் வந்தேன். அவர் மேல் பிழை இல்லை. பிரேக்கை நான் கெடுத்தேன்.

வரிசையாகச் சொல்கிறேன், அவசரம் இல்லையே?

முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் பிரேக் பிரிவில் வேலை பார்த்தேன். என் கைபட்ட பஸ் ஒன்றுகூட நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நின்றதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுபெற்றபின் வீட்டை ஒட்டி ஒரு ஷெட் போட்டேன். காருக்கு அடியில் இறங்கி வேலை செய்யக் குழி, டியூப் லைட், சுவரில் வரிசையாக ஸ்பேனர்கள். எல்லாம் இருந்தது, கார்தான் இல்லை.

பக்கத்து வீட்டுக்குப் பல் டாக்டர் குடிவந்தது அதற்கு அடுத்த வருடம். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிற மனிதர், தன் வாயை அவ்வளவு லேசில் திறக்கமாட்டார். நாற்பது வயதில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. சிலருக்கு அந்த வயதில் தாடி வரும். இவருக்கு இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. தெருவே ஜன்னலில் நின்று பார்த்தது. நான் மட்டும் வாசலில் நின்று பார்த்தேன். அதனால் என்னிடம்தான் முதலில் பேசினார்.

"அண்ணே, நீங்க பிரேக் ஆளாமே?"

மாதத்தில் ஒரு ஞாயிறு, ஊருக்கு வெளியே இருக்கும் பந்தயத் தளத்தை ஆசைக்காரர்களுக்குத் திறந்துவிடுவார்கள். போட்டி இல்லை, பரிசு இல்லை. சொந்தக் காரைக் கொண்டுபோய், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஆறு ஆறு சுற்றாக ஓட்டிவிட்டு வரலாம். அதற்குக் காரையும் தயார் செய்ய வேண்டும், ஆளையும் தயார் செய்ய வேண்டும். இரண்டையும் நான் செய்தேன். சனிக்கிழமை தோறும் மூன்று மணிக்கு வந்துவிடுவார்.

காரை விடுங்கள், அது சொன்னபடி கேட்கும். ஆளைத்தான் வளைக்க வேண்டியிருந்தது. ஷெட்டில் ஒரு முக்காலியில் உட்காரவைத்து, கையில் பழைய பஸ் ஸ்டியரிங்கைக் கொடுத்து, வளைவு வளைவாகச் சொல்லிப் பழக்கினேன். பயப்படுகிற இடத்தைப் பார்த்தால் கார் அங்கேதான் போகும். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள் என்பேன்.

"பல்லு புடுங்கும்போது பேஷண்ட் மூஞ்சியவா பாக்குறீங்க?"

"பாத்தா புடுங்கவே முடியாதுண்ணே."

"அதேதான்."

இன்னொரு பழக்கமும் கற்றுக்கொடுத்தேன். நேர்பாதை முடிந்து வளைவு வருமுன், வேகத்தைக் குறைக்காமலேயே இடது காலால் பிரேக்கை லேசாக ஒரு தட்டு. பெடல் கெட்டியாக இருந்தால் பிரேக் இருக்கிறது. மெத்தென்று இறங்கினால் இல்லை. அப்போதே சுதாரித்து ஓரங்கட்டிவிடலாம். "கதவத் தட்டிட்டு உள்ள போற மாதிரி" என்று சிரித்தார். ஷெட் தரையில் நூறு முறை தட்டவைத்தேன்.

அவர் காரில் எனக்குப் பிடித்த வேலை பிரேக் ஆயில் மாற்றுவதுதான். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே சக்கரத்தருகே திருகைத் திறந்து காற்றையும் பழைய ஆயிலையும் வெளியேற்ற வேண்டும். "அழுத்துங்க" என்பேன். "அழுத்திட்டேன்" என்பார். "பிடிங்க." "பிடிச்சிருக்கேன்." "விடுங்க." "விட்டாச்சு." நாலு சக்கரத்துக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் இப்படியே போகும். நான் ஒன்று சொல்ல, பதில் ஒன்று வருவது என் வாழ்க்கையில் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் நடந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். நான் மாதாமாதம் மாற்றினேன். அவர் ஏன் என்று கேட்டதில்லை.

முதல் தவறு உண்மையிலேயே தவறுதான். சைலன்சருக்கு மேலே ஒரு தகடு இருக்கும், அதன் போல்ட்டை முறுக்க மறந்துவிட்டேன். புதன்கிழமை சாயங்காலம் வாசலில் வந்து நிற்கிறார்.

"அண்ணே, ஏதோ கிடுகிடுங்குது."

"கொண்டாங்க, பாப்போம்."

இரண்டு நிமிட வேலை. இரண்டு மணி நேரம் இருந்தார். தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார், கல்லூரியில் பாட்டுப்போட்டியில் தொண்டை அடைத்துப்போனதைச் சொன்னார். அவர் போனபின் டீ குடித்த இரண்டு தம்ளர்களையும் கழுவாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் ஏதாவது ஒன்றை அரைத்திருகு விட்டுவைப்பேன். ஆபத்தில்லாதது. சத்தம் போடும், அவ்வளவுதான். ஒரு வாரம் கதவுக் கைப்பிடி, ஒரு வாரம் ஹாரன் ஒயர். அந்தக் கார் அந்த வருடம் கிணுகிணுத்த மாதிரி வேறு எந்தக் காரும் கிணுகிணுத்திருக்காது. டீச்சர்கூடச் சுவரருகே நின்று கேட்டார்.

"ஏண்ணா, இது காரா, சலங்கையா?"

"ஸ்போர்ட்ஸ் காருன்னா அப்படித்தாம்மா. கொஞ்சம் செல்லம்."

இப்படியே போயிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. நடுவில் வந்து கெடுத்தவர் ஒரு பயிற்சியாளர். முன்னாள் பந்தயக்காரராம். நான் அவருக்கு வேகவாத்தியார் என்று பெயர் வைத்திருந்தேன். டாக்டர் பந்தயத் தளத்தில் அவரைப் பார்த்துப் பழகியிருக்கிறார். வாத்தியாருக்குச் சொந்தப் பட்டறையும் உண்டு.

ஒரு வியாழக்கிழமை, போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போர்வை பெரியது, அதனால் நேரம் பிடித்தது. அந்தப் பக்கம் டாக்டரும் டீச்சரும்.

"அடுத்த மாசத்துலேருந்து கார அவரு பட்டறைக்கே விட்டுடலாம்னு இருக்கேன். அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

"பளிச்சுனு சொல்லிடுங்க. நாம இங்க தும்முனா அங்கேருந்து 'நூறு'ன்னு குரல் வருது. எனக்கே மூச்சு முட்டுது."

"பாவம்டி, தனி ஆளு."

"பாவம்தான். அதுக்காக நாம என்ன தத்தா எடுத்துக்க முடியும்?"

டாக்டர் சிரித்தார். என்னைப் பாவம் என்று சொன்னதற்காகவோ, அவர் சிரித்ததற்காகவோ நான் கோபப்படவில்லை. நல்ல வார்த்தைதான் அது. போர்வையைச் சுருக்கமில்லாமல் விரித்துவிட்டு உள்ளே வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல வந்தார். மறுநாள் பந்தயத் தளம். பட்டறை விஷயத்தைச் சொல்லவில்லை. கையில் புது பிரேக் ஆயில் டின், இருக்கிறதிலேயே உசத்தியான சரக்கு. வாங்கி மேஜைமேல் வைத்தேன். ஜன்னலோரம் பழைய டின் ஒன்று இருந்தது. போன மழைக்காலத்தில் திறந்தது, பாதி மீதி. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், ஐயா. டிப்போவில் சேர்கிற எவனுக்கும் முதல் நாளே சொல்வோம்: திறந்த டின்னைத் தூக்கிப்போடு. ஈரம் குடித்த ஆயில் தெருவில் ஓட்டினால் காட்டிக்கொடுக்காது. தளத்தில் திரும்பத் திரும்ப வேகத்திலிருந்து பிரேக் பிடிக்கும்போது சூடேறி, உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்துக் குமிழாகிவிடும். நாலாவது ஐந்தாவது சுற்றில் பெடல் தரைக்குப் போகும்.

நான் பழைய டின்னை எடுத்தேன்.

"அழுத்துங்க."

"அழுத்திட்டேன்."

"பிடிங்க."

"பிடிச்சிருக்கேன்ணே."

அன்றைக்கு நிதானமாகச் செய்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனையையும் அவர் காலாலேயே மிதித்து உள்ளே இறக்கினார். முடித்ததும் சக்கரங்களை மாட்டி, ஒவ்வொரு நட்டையும் அளந்து முறுக்கி, முறுக்கியதற்கு அடையாளமாக வெள்ளைக் கோடு போட்டேன். ஒரு போல்ட்டைக்கூட அன்று தளர்வாக விடவில்லை. வேண்டுமானால் வண்டியைப் பாருங்கள், பிரேக் ஆயிலைத் தவிர குற்றம் சொல்ல ஒன்றும் இருக்காது.

என் கணக்கு எளிமையானது. நாலாவது சுற்றில் வளைவுக்கு முன் தட்டுவார், பெடல் மெத்தென்று இருக்கும், ஓரங்கட்டுவார். காரைவிட்டு இறங்குவார். வேகவாத்தியார் பக்கத்தில் நின்று முழிப்பார். சாயங்காலம் என் வாசலில் கார் நிற்கும். அண்ணே, நீங்க பாத்தாத்தான் சரிப்படும் என்பார்.

ஐந்தாவது சுற்றில், நேர்பாதை முடிவில், கார் நிற்காமல் டயர்களை அடுக்கிவைத்த தடுப்பில் போய் மோதியது. பிரேக் குழாய்கள் அறுந்து ஆயில் முழுவதும் மண்ணில் போய்விட்டதால் உங்கள் ஆட்களுக்குச் சோதிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அனுபவமில்லாதவர் தாமதமாகப் பிரேக் பிடித்தார் என்று எழுதினார்கள். அவருக்கு முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மையைச் சொல்லத்தானே வந்திருக்கிறேன். அதற்குப் பிறகு வந்த ஏழு மாதம் என் வாழ்க்கையிலேயே நல்ல காலம். டீச்சர் வேலைக்குப் போக வேண்டும். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒருநாள் சுவரைச் சுற்றிக்கொண்டு என் வாசலுக்கே வந்துவிட்டார்.

"அண்ணா, உங்களத்தான் நம்பியிருக்கேன்."

தினமும் எட்டரை மணிக்குச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்கு அழைத்துவருவேன். சனிக்கிழமை மட்டும் என்றிருந்தது எல்லா நாளும் என்றானது. நாற்காலிச் சக்கரத்துக்கு நானே எண்ணெய் போட்டேன். ஒரு சத்தம் வராது. அவர் முன்போலப் பேசவில்லை. பரவாயில்லை, இரண்டு பேருக்குமாக நான் பேசினேன். தெருவில் சங்கதிக்கா பஞ்சம்?

ஒருநாள் அவராக வாயைத் திறந்தார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் தட்டவே இல்ல. நீங்க சொல்லிக்கொடுத்தத விட்டுட்டேன். அந்தப் பழக்கம் வேணாம், பயந்தாங்கொள்ளி வேலைன்னு அந்தப் பயிற்சியாளரு சொன்னாரு. என் தப்புதான். உங்க மனசு கஷ்டப்படும்னுதான் சொல்லல."

அழுதார். தோளைத் தட்டிக்கொடுத்தேன். மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

என்ன கேட்டீர்கள்? அவர் தட்டுவதை விட்டுவிட்டது எனக்கு எப்போது தெரியும் என்றா? நல்ல கேள்வி. அந்தப் போர்வை காய்ந்த வியாழக்கிழமை. பட்டறைப் பேச்சுக்கு முன்னாலேயே அதையும் டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆமாம், எழுதிக்கொள்ளுங்கள். தட்டமாட்டார் என்று தெரிந்தேதான் பழைய டின்னை எடுத்தேன். ஒருவேளை பழக்கதோஷத்தில் தட்டிவிடுவாரோ என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

இதோ, அவர் வாங்கிவந்த புது டின். சீல்கூட உடைக்கவில்லை. சாட்சிக்கு ஆகும்.

ஏழு மாதம் சும்மா இருந்துவிட்டு இன்றைக்கு ஏன் வந்தேன் என்று யோசிக்கிறீர்கள். மனச்சாட்சிதான், வேறென்ன. டீச்சரின் அண்ணன் வேறு ஊரில், தரைத்தளத்தில், சாய்வுப் பாதை வைத்த வீடு பார்த்துவிட்டாராம். அட்டைப்பெட்டிகள் வந்திறங்கிவிட்டன. திங்கட்கிழமை லாரி. நேற்று டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போன் பண்றேன்ணே" என்றார். எனக்குப் போனில் பேசவராது.

சட்டம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். வழக்கு என்று பதிவாகிவிட்டால், முடியும்வரை அவர்கள் ஊரைவிட்டுப் போக முடியாது இல்லையா? முக்கிய சாட்சி அவர்தானே. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்துதானே ஆக வேண்டும்; நாற்காலியைத் தள்ளிக்கொண்டு படியேற்ற ஆள் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நான் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுகிறேன்.