மக்னீசியம் பார்த்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, செவிலியர் சகோதரிகளே, முன்வரிசையில் இருக்கும் அண்ணியாரே, அவர் பெற்ற செல்வங்களே, கனத்த நெஞ்சோடு கூடியிருக்கும் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் நம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தைக் கட்டிக் காத்த மூத்த தொழில்நுட்பர், நம் 'சொட்டு அண்ணன்' மறைந்துவிட்டார். ஏன் அந்தப் பெயர்? ஒரு சொட்டு சிந்தினாலும் "உங்க வீட்டு ரத்தமா இருந்தா இப்படிக் கொட்டுவீங்களா?" என்று பாய்வார். புது மருத்துவர்கள் அவர் ஜன்னலைப் பூனைபோல் கடப்பார்கள். நானும் கடந்திருக்கிறேன்!

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டும் ஓர் அம்மா வலிப்பு வந்து என் வார்டில் சேர்ந்தார். விரல்கள் இழுத்துக்கொண்டு மடங்கின. ரத்தத்தில் கால்சியம் அடிமட்டம். ஊசி வழியாக ஏற்றினேன். ஏறவில்லை. மறுநாளும் ஏற்றினேன். ஊஹூம்! மூன்றாம் நாள், கால்சியம் ஒரு பக்கம் இருக்க, வலிப்புக்குக் காரணம் மூளைக் கோளாறாகத்தான் இருக்கும் என்று தீர்மானித்து, 'இனி வண்டி ஓட்டக்கூடாது' என்று சான்றிதழ் எழுத உட்கார்ந்தேன். "பிள்ளைங்க படிப்பே இந்த ஸ்டியரிங்லதான் டாக்டர் இருக்கு" என்று அந்த அம்மா அழுதார்.

அப்போது, மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியபடி வந்து நின்றார் நம் அண்ணன்.

"சார், மூணு நாளா கால்சியம் ஏத்துறீங்க. என் மிஷின்ல நம்பர் நகரவே மாட்டேங்குது. மக்னீசியம் பாத்தீங்களா?"

"நான் எழுதிக் கொடுத்ததை மட்டும் பாருங்கண்ணே."

"மிச்ச ரத்தத்துல பாத்துட்டேன். திட்டுறதுன்னா அப்புறம் திட்டுங்க."

சீட்டை நீட்டினார். மக்னீசியம் இருக்கிறதா என்றே சந்தேகப்படும் அளவு!

கழுத்தில் பயறளவு நான்கு சுரப்பிகள் இருக்கின்றன. கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுக்கவும், சிறுநீரில் போகாமல் தடுக்கவும், உணவிலிருந்து கூடுதலாக உறிஞ்சவும் உத்தரவு போடுவது அவைதாம். அந்த உத்தரவு வெளியே வர மக்னீசியம் வேண்டும். அது இல்லாமல் கால்சியத்தை எவ்வளவு கொட்டினாலும் விழலுக்கு இறைத்த நீர்தான். படித்தவன் நான். மறந்தவனும் நான்!

அண்ணன் கட்டிலருகே போனார். "ரொம்ப நாளா ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறியாம்மா?"

"நெஞ்செரிச்சலுக்கு ஒண்ணு, ஆறு வருஷமா. அதெல்லாம் ஒரு மாத்திரையாண்ணே?"

அதேதான்! அமிலத்தைக் குறைக்கும் அந்த மாத்திரை, குடல் மக்னீசியத்தை உறிஞ்சுவதைச் சிலருக்குக் கெடுத்துவிடும். மாத்திரையை நிறுத்தினோம். மக்னீசியம் ஏற்றினோம். இரண்டே நாளில் கால்சியம் தானாக மேலே வந்தது. விரல்கள் விரிந்தன. சான்றிதழைக் கிழித்துப் போட்டேன். சில மாதங்களில் அந்த அம்மா மீண்டும் பேருந்தில் ஏறி அமர்ந்தார்.

வீட்டுக்குப் புறப்பட்ட அன்று அவர் என் கையைப் பிடித்து, "நீங்க தெய்வம் டாக்டர்" என்றார். அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் வாய் திறக்குமுன், "ஆமாம்மா, சார்தான் கண்டுபிடிச்சாரு. டாக்டர் மேல நம்பிக்கை இருந்தாத்தானே மருந்தை ஒழுங்கா சாப்பிடுவீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். நானும் அந்தப் புகழை வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். பதினோரு ஆண்டுகள்!

அந்த அம்மா இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அம்மா, உங்களைக் காப்பாற்றியவன் நானில்லை. அந்தப் படத்தில் இருப்பவர்தான். அவர் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும், என்னை மன்னியுங்கள். அண்ணியாரே, உங்கள் வீட்டுக்காரரால் நான் நல்ல மருத்துவனானேன். நன்றி என்பதைவிடப் பெரிய சொல் எனக்குத் தெரியவில்லை.

தோழர்களே, நம் தலைவரின் ஒப்புதலோடு இந்த அவையில் உறுதி சொல்கிறேன். ஓர் எண் சரியில்லை என்று தோன்றினால், நம் பரிசோதனைக் கூடத்தின் கடைசிப் பணியாளரும் எந்த வார்டுக்கும் வரலாம், எந்த மருத்துவரையும் கேட்கலாம். வருகிறவரை மருத்துவர் எழுந்து நின்று வரவேற்பார். முதலில் எழுந்து நிற்பவன் நானாக இருப்பேன்.