மூலையில் இருந்த எழுத்து

பேரு ஜெகதீஷ். சத்யப்ரியா வைக்கிற ரசம் எனக்கு ரொம்பப் புடிக்கும் மேடம், அதை முதல்ல எழுதிக்கோங்க. பொண்டாட்டியைப் புடிக்காம நான் எதையும் செய்யலை.

லவ் மேரேஜ். பாரூர்ல தனியா இருந்த அவ அம்மா ராஜலட்சுமி ஒத்துக்கலை. ஓசூர் வந்து ரெண்டு பேரும் கம்பெனி வேலையில சேர்ந்தோம். 'அம்மாவே கூப்பிடட்டும், நானா பேச மாட்டேன்'னு இவ வீம்பு புடிச்சா. எனக்கும் நிம்மதியா இருந்துச்சு. அப்புறம் ஆடி வந்துச்சு. மொத ஆடிக்கு மகளைக் கூப்பிடாத தாய் உண்டா? போனா திருப்பி அனுப்ப மாட்டாங்க.

பெங்களூர் போய் டச் போன் வாங்கினேன். 2009ல அது பெரிய விஷயம். அவ சிம்மையே போட்டு, ஒரு புரோகிராமும் ஏத்திக் கொடுத்தேன். அம்மா நம்பர் வந்தா இங்க மணியே அடிக்காது, கால் லிஸ்ட்லயும் காட்டாது. அவங்களுக்கு ஒரு ரிங் போய்க் கட்டாகும். ஆடி போச்சு. தலை தீபாவளி அன்னிக்குப் புதுச்சேலையைக் கட்டிக்கிட்டு போனையே பாத்துட்டு உக்காந்திருந்தா. நான்தான் ஸ்வீட் ஊட்டிவிட்டேன்.

டிசம்பர்ல ஒரு சாயங்காலம், "என்னங்க, ஸ்கிரீன் மூலையில என்னமோ எழுதியிருக்கு"ன்னு நீட்டினா. சேஃப் மோட். கம்பெனி கேட்டுல போனை ஆஃப் பண்ணிக் கொடுத்துட்டு, ஷிஃப்ட் முடிஞ்சு வாங்கி ஆன் பண்ணணும். வேலையில போடற கிளவுஸ்ல இருந்த பசை ஒட்டி மெனு பட்டன் அமுங்கியே இருந்திருக்கு. அப்படி ஆன் ஆனா சேஃப் மோட்தான், நாம ஏத்தின புரோகிராம் எதுவும் ஓடாது.

அவ குளிக்கப் போனா. என் கையிலயே போன் அடிச்சுது. அம்மா நம்பர். எடுத்தேன், பேசலை.

"சத்யா, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில கெடக்கறேன். உம்மேல கோவமே இல்லடி தங்கம். ஒருவாட்டி மூஞ்சியைக் காட்டிட்டுப் போ." போனைக் காதுலயே வெச்சிருந்தேன். அப்புறம், "அழாதடி"ன்னாங்க.

நான் அழலை மேடம். கட் பண்ணி, பேட்டரியைக் கழட்டி, ஊசியால பட்டன் ஓரத்தைச் சுரண்டித் தொடைச்சேன். ஆன் பண்ணினதும் எழுத்து மறைஞ்சிருச்சு. கால் லிஸ்ட்ல அந்த நம்பரையும் அழிச்சேன். "சரியாயிருச்சு"ன்னு கொடுத்தேன். "உங்களுக்குத் தெரியாத வேலை என்ன இருக்கு"ன்னு சிரிச்சா.

அதுக்கு எட்டாம் நாள் அவ தாய்மாமன் அண்ணாதுரை கம்பெனியை விசாரிச்சுக் கண்டுபுடிச்சு கேட்டுக்கே வந்துட்டார். அம்மா போய்ட்டாங்க, பாலும் ஊத்தியாச்சுன்னாராம். "அஞ்சு மாசமா தெனமும் அடிச்சாளேம்மா, ஒருதடவை எடுத்திருக்கக் கூடாதா?"ன்னு கேட்டிருக்கார். அவ வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டா. எல்லாத்தையும் சொல்லிட்டேன். பொண்டாட்டிகிட்ட எதையும் மறைக்கிற ஆளில்லை நான்.

இப்ப மாமா வீட்டுல இருக்கா. உங்க ஸ்டேஷன்ல புகார் கொடுத்ததும் அவங்க தூண்டுதலாத்தான் இருக்கும். நான் கூப்பிட்டா ஒரு ரிங் போய்க் கட்டாகுது. எத்தனை தடவை அடிச்சாலும் அதேதான். அவ அப்படிச் செய்யறவ இல்லை மேடம். போன்லதான் ஏதோ கோளாறு. கொடுத்தனுப்பச் சொல்லுங்க, நான் சரிபண்ணித் தர்றேன்.