பக்கத்தில் நடந்தவர்

உச்சிவெயில் நேரம். பழைய ராஜாக்கள் ஆண்ட ஹுவே நகரத்து ஆற்றோரச் சாலை. ஒரு சைக்கிள்கூட இல்லை... கடைக்காரர்கள் கதவைப் பாதி இழுத்துவிட்டு உள்ளே உறங்குகிற வேளை. பேய் வர இருட்டத்தான் வேண்டும் என்று யார் சொன்னது?

நான் சொல்லி முடிக்கும்வரை அந்த மெழுகுவத்தியைக் காற்றுக்கு மறைத்து வையுங்கள். இது என்னோடு தையல் ஆலையில் வேலை பார்த்த த்ராவின் அப்பா அம்மாவுக்கு நடந்தது. அப்பா பெயர் கான், அம்மா தியெப். டோங் ஹா என்ற ஊரில் நூடுல்ஸ் கடை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அடுப்புக்கு ஓய்வில்லை, அவர்களுக்கும் இல்லை. த்ராதான் சண்டை போட்டு, ஒரு நாளாவது ஊர் சுற்றிப் பாருங்கள் என்று ரயிலேற்றி அனுப்பினாள்.

சுற்றிப் பார்ப்பதும் கடை வேலை மாதிரியே ஆகிவிட்டது. கான் முன்னால் விறுவிறுவென்று போவார். தியெப் வீங்கிய காலை இழுத்துக்கொண்டு பின்னால் வருவாள். கோட்டை, சந்தை, பாலம்... பேச்சே இல்லை. படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு மரநிழல் வந்ததும் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"த்ரா அப்பா, என்னால முடியல. நீங்க பாத்துட்டு வாங்க."

"உக்கார்றதுக்கா ரயிலேறி வந்தோம்? அதுக்கு நம்ம கடையிலயே உக்காந்திருக்கலாமே!"

முணுமுணுத்துக்கொண்டே போனார். ராஜா சமாதியைப் பார்க்கப் போகிறாராம். அவருடைய ஓலைத்தொப்பி வெயிலில் சின்னதாகி மறைந்தது.

தியெப்புக்குக் கண் சொருகியது. பக்கத்தில் யாரோ உட்காரும் அரவம்... கான்தான். கையில் ஐஸ் போட்ட தாமரை விதைப் பாயசம்.

"குடி," என்றார். "கால இங்க நீட்டு."

தியெப் திடுக்கிட்டாள். அவள் காலை அவர் பிடித்துவிட்டு எத்தனை காலம்! விரல்கள் ஜில்லென்று இருந்தன. நனைந்த ஊதுவத்தி வாசனை லேசாக... குளிர்ச்சி சுகமாக இருந்ததால் அவள் எதையும் யோசிக்கவில்லை.

பிறகு அவள் பையை அவர் வாங்கிக்கொண்டார். அவள் நடைக்கு நடந்தார். ஏழடுக்குக் கோபுரத்தடியில் நின்று ஆற்றைப் பார்த்தார்கள். த்ராவுக்கு முன்னால் பிறந்து இறந்துபோன பையனைப் பற்றி, வாழ்நாளில் முதல் தடவையாக, அவள் அவரிடம் பேசினாள். அழுதாள். அவர் குறுக்கே பேசவே இல்லை. "ம்..." என்று கேட்டுக்கொண்டே வந்தார். அந்த வெயிலில் அவர் சட்டையில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

பொழுது சாய, அவர்கள் அறை எடுத்திருந்த விடுதியின் வாசலில் நின்றார்.

"நீ மேல போ. நான் பின்னாலயே வர்றேன்."

மாடியேறி அறைக் கதவைத் தள்ளினாள். கட்டிலில் கான் கால் நீட்டிப் படுத்திருந்தார். சட்டை வியர்வையில் ஊறிக் கிடந்தது. அவளைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார்.

"நீ எப்ப வெளிய போன? குளிக்கத்தானே போன?"

"நான் இப்பதான் வர்றேன். உங்ககூடத்தான் வந்தேன்."

"விளையாடுறியா? நான் சாலைத் திருப்பம் தாண்டினதுமே நீ ஓடி வந்து என் கையப் புடிச்சுக்கிட்ட. சமாதியெல்லாம் சேந்துதான் பாத்தோம். கால் வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லல. சிரிச்சுக்கிட்டே..."

நிறுத்தினார். குளியலறைக்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

இருவரும் அந்தக் கதவையே பார்த்தார்கள். தண்ணீர் நின்றது. சொட்டு... சொட்டு... பிறகு அதுவும் இல்லை.

கான் கதவைத் தள்ளினார். யாரும் இல்லை. தரையெல்லாம் ஆற்றுச் சேறு. அந்த மாடி ஜன்னல் விரியத் திறந்து கிடந்தது.

தியெப் எட்டிப் பார்த்தாள். கீழே சாலையில் ஓலைத்தொப்பி போட்ட ஓர் ஆள் காத்திருந்தார். ஈரத் தலையோடு ஒருத்தி அவரிடம் போனாள். கை கோத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஆற்றுப் பக்கம் நடந்தார்கள். அவள் ஒரே ஒரு முறை திரும்பினாள். தியெப்பின் முகம். கையசைத்தாள்... தியெப்பைப் பார்த்து அல்ல.

தியெப் திரும்பினாள். பின்னால் கான் நின்றிருந்தார். அவருடைய கையும் உயர்ந்திருந்தது.

அன்றைக்கே ரயிலேறி ஊர் திரும்பிவிட்டார்கள். அதைப் பற்றி ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மா மகளிடம் மட்டும் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

கடை வழக்கம்போல் நடக்கிறது. ஆனால் மதியக் கூட்டம் கலைந்ததும் இருவரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்களாம். அவர் சாலையின் ஒரு கோடியைப் பார்த்து, அவள் மறு கோடியைப் பார்த்து. போன வருஷம் ஊருக்குப் போன த்ரா பொறுக்கமாட்டாமல் கேட்டிருக்கிறாள்.

"இந்த வெயில்ல எதுக்கும்மா இங்க? உள்ள வந்து படேன்."

அம்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருடி. உங்கப்பா வர்ற நேரம்."

அப்பா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.